அரைப்பேர்

லீக் தொடங்கியது மாசியில்.
ஒப்பந்தம் சிங்களத்தில் நாலு பக்கம்.
எனக்குப் பிடிபட்டது இலக்கங்கள்தான்:
இறங்கி ஆடினால் மூவாயிரம்,
வாங்கில் இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு.
அம்மா படங்குச் சாக்கை உதறிக்கொண்டே சொன்னாள்,
"அப்ப அரைப்பேருன்னு சொல்லு."

நோர்வூட் அணிக்கு இரண்டாவது கீப்பர் நான்.
முதல் கீப்பர் சத்தியகலா
பந்தைக் கடன்காரனைப் பிடிப்பதுபோலப் பிடிப்பாள்.
ஆறு மாதத்தில் அவளுக்கு
ஒரு தடிமன்கூட வரவில்லை.
வரவேண்டும் என்று இரண்டு தரம் நினைத்தேன்.
மூன்று தரம்.

பதுளையில் தோற்றோம். கம்பளையில் தோற்றோம்.
பண்டாரவளையில் வென்றதற்கு
முகாமையாளர் ஆளுக்கொரு மாலுபாண் வாங்கித்தந்தார்.
சித்திரைச் சம்பளம் வைகாசியில் பாதி வந்தது,
மிச்சப் பாதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
ரிஸ்வானாவைத் தவிர.
அடுத்த ஆட்டத்தில் அவளும் வாங்கில்
என் பக்கத்தில்.

வானில் திரும்பும்போது
கொட்டகலை வளைவுகளில் எல்லோரும்
ஒருவர்மேல் ஒருவர் சரிந்து உறங்குவார்கள்.
ஆடாத எனக்கு உறக்கம் வராது.
ஈரக் காலுறைகளின் நாற்றத்தில்
யன்னலில் விரலால் கோல் வரைவேன்,
அழிப்பேன்.

ஆடிக் கடைசி. எங்கள் மைதானம். ராகலை அணி.
தோற்றால் நாங்கள் கீழ்ப்பிரிவுக்கு,
வெல்லாவிட்டால் அவர்கள்.
காலையில் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டது நான்.
வாங்கில் இருப்பவர்களின் வேலை அது.
பத்து மணிக்கு மழை கழுவிக்கொண்டு போனது.
இரண்டாம் பாதியில் மூட்டம் இறங்கி
எதிர்க்கோலை விழுங்கிற்று,
நடுவட்டத்தை மென்றுகொண்டிருந்தது.

எழுபத்தொன்பதாவது நிமிடம்
சத்தியகலாவின் சுண்டுவிரல்
போகக்கூடாத பக்கம் போனது.
அவளுடைய கையுறை எனக்குப் பெரிது.

அதற்குப் பிறகு காதால்தான் ஆடினேன்.
சேற்றில் கால்கள், யாரோ "விடு விடு" என்பது,
பிறகு உதைத்த சத்தம்.
சத்தம் வந்து வெகுநேரம் கழித்தே
பந்து வந்தது.
விரல்நுனியில் பட்டு, கம்பத்தில் பட்டு
எனக்குப் பின்னால் "தொப்" என்றது.

திரும்பினேன்.
கோடு இல்லை.
ஆனால் கோட்டைப் போட்டவளுக்குத் தெரியும்.
விழுந்து, வயிற்றுக்குள் இழுத்து,
முன்னால் புரண்டேன்.
நடுவர் மூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்து
மூச்சு வாங்கக் கேட்டார்: "கோலா?"
தலை தானாக ஆடியது என்று சொல்லமாட்டேன்.
நான்தான் ஆட்டினேன்,
இல்லை என்று.

பதினாலு வயதில்
தராசுக் கொட்டிலில் நின்று கத்தியவள் நான்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று என்று
அம்மாவின் கொழுந்தைக் கணக்கப்பிள்ளை கழித்த அந்தியில்
"முள்ளைப் பாத்தது நீங்க மட்டுந்தானே" என்று
குரல் கம்மும் வரைக்கும் கத்தினேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அடுத்த சாக்கைக் கூப்பிட்டார்.

சமன். நாங்கள் தப்பினோம்.
என்மேல் ஏறி விழுந்து கட்டிப்பிடித்தார்கள்.
சந்தமாலி அழுதாள்,
ரிஸ்வானா என் நெற்றியில் முத்தமிட்டாள்,
அட்டை கடித்த இடத்தில் எல்லோருக்கும் இரத்தம் ஓடியது.

கைகுலுக்கும் வரிசையில் கடைசியாக வந்தாள்
அந்தப் பந்தை அடித்த பவளராணி.
ராகலைக்கு மேலே ஏதோ தோட்டம்,
லயத்துப் பேச்சு, என் வயதுதான்.
கையை நீட்டவில்லை.
பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
ஒரு சாண் காட்டினாள்.
அவ்வளவு உள்ளே.
பிறகு போய் வானில் ஏறினாள்.

அந்த ஆட்டத்துக்கு மட்டும்
காசு மறுநாளே வந்தது.
அம்மா இரண்டு தரம் எண்ணி
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.
"இன்னிக்குத்தான் முழுப்பேரு."

அடுப்புக்கு மேலே கொடியில்
சத்தியகலாவின் கையுறை காய்கிறது,
விரல்கள் விரிந்தபடி.
நான் அதை மடக்கி வைக்கிறேன்.
காயக் காய விரிகிறது.